ஓட்டுநர் இருக்கையும் கெடாத் தமிழரும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அறிய விழைவோர் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் நாடிச் செல்வர். கோயில்களையும் கோட்டைகளையும் ஆராய்வர். மக்கள் அன்றாடம் கையாண்ட எளிய பொருள்களும் வரலாற்றுச் சான்றுகளே என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பால்வாளியும் வெட்டுக்கத்தியும் தோட்டத் தமிழரின் கதையைச் சொல்வது போலவே, வண்டியோட்டி அமர்ந்த இருக்கையும் ஒரு கதையைச் சொல்கிறது. அந்த இருக்கையில் அமர்ந்தவர் யார்? யாருடைய உடலை அளந்து அது செய்யப்பட்டது? அதில் அமர்ந்தவரின் நலம் யாருக்குக் கவலையாக இருந்தது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தேடினால், கெடா மாநிலத்தின் தோட்டப்புறங்களிலும் சிறுநகரங்களிலும் தமிழர் வாழ்ந்த நூறாண்டு வாழ்க்கையின் ஒரு பகுதி தெளிவாகப் புலப்படும்.

பாகன் முதல் சைஸ் வரை

வண்டி செலுத்துபவனுக்குத் தமிழிலக்கியம் உயர்ந்த இடம் தந்துள்ளது. தேரோட்டியை வலவன் என்றும் பாகன் என்றும் சங்கச் சான்றோர் குறித்தனர். முல்லைத்திணைப் பாடல்கள் பலவற்றில், வினைமுடித்து மீளும் தலைவன் தன் உள்ளத்து விரைவைத் தேர்ப்பாகனிடமே எடுத்துரைக்கிறான். பாகனின் திறமை போற்றப்படுகிறது. குதிரைகளின் விரைவு போற்றப்படுகிறது. ஆனால் நெடுவழி வந்த அப்பாகனின் முதுகு வலித்ததா, கால் மரத்ததா என்று தலைவன் வினவியதாகக் காணோம். ஓட்டுபவனின் திறமையைப் பாராட்டி, அவன் உடலை மறந்துவிடும் வழக்கம் மிகப் பழமையானது.

மாட்டுவண்டியிலும் நிலைமை அதுவே. பாரத்துக்குத் தட்டு உண்டு. பயணிக்கு வைக்கோல் பரப்பிய கூடு உண்டு. வண்டிக்காரனோ ஏர்க்காலின் மேல், மாடுகளின் வாலருகே, எஞ்சிய இடத்தில் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்தான். குதிரை வண்டியில் அவனுக்குக் கோச்சுப்பெட்டி கிடைத்தது. அதுவும் பொருள்களை வைக்கும் பெட்டியின் மேல்மூடியே அன்றி, அமர்வதற்கென்று எண்ணிச் செய்த ஆசனம் அன்று.

குதிரை வண்டி மறைந்த பின்னும் அதன் சொற்கள் மறையவில்லை. குதிரைக் குளம்புகள் வாரியெறியும் சேற்றைத் தடுக்க வண்டியின் முன்னே நிறுத்திய பலகையே ‘டேஷ்போர்டு’ எனப்பட்டது. காரின் முன்பலகைக்கும் அப்பெயரே நிலைத்தது. அரபு மொழியில் குதிரையைப் பேணுபவனைக் குறித்த சொல் இந்துஸ்தானி வழியாக ஆங்கிலேயரிடம் ‘சைஸ்’ ஆகி, மலாயாவில் காரோட்டியைக் குறிக்கலாயிற்று. ‘ஷோஃபர்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லின் முதற்பொருள் நெருப்பு மூட்டுபவன் என்பதாகும். குதிரைக்காரனும் கொதிகலன்காரனும் தந்த பெயர்களையே முதற்கால ஓட்டுநர் சுமந்தனர் என்பதிலிருந்து, அவருக்கு அளிக்கப்பட்ட சமூக நிலை எத்தகையது என்பதை உணரலாம்.

கெடாவில் சாலை பிறந்த காலம்

நெல்வயல் சூழ்ந்த கெடாவின் வடபகுதியில் பழங்காலப் போக்குவரத்துப் பெரிதும் நீர்வழியே நிகழ்ந்தது. 1885-இல் தொடங்கப்பட்ட வான் முகமது சமான் கால்வாய் அலோர் ஸ்டாரிலிருந்து குருண் நோக்கி ஏறத்தாழ 36 கிலோமீட்டர் நீண்டது. வயலுக்கு நீரும் மக்களுக்கு வழியுமாக அது பயன்பட்டது. 1909-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கெடா சயாமியரின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷாரின் மேலாண்மைக்கு மாறிற்று. 1915-இல் இருப்புப்பாதை அலோர் ஸ்டாரை எட்டியது. 1918-இல் பாடாங் பெசார் வரை சென்றது.

இதே காலப்பகுதியில் தென்கெடாவின் காடுகள் கித்தாத் தோட்டங்களாயின. சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ், பாடாங் செராய், கோல கெட்டில், பாலிங் முதலிய ஊர்களைச் சுற்றித் தமிழ்த் தொழிலாளரின் லயங்கள் எழுந்தன. தோட்டம் என்றால் சாலை வேண்டும். பால் வெட்டும் நிரைகளிலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து இரயில் நிலையத்துக்கும் சரக்குச் செல்ல வேண்டும். செம்மண் பாதைகளை வெட்டியவரும், கல் பரப்பியவரும், அவற்றின் மேல் முதலில் மாட்டுவண்டியும் பின்னர் லோரியும் ஓட்டியவரும் பெரும்பாலும் தமிழரே. வண்டி மாறியது, வண்டிக்காரன் மாறவில்லை. ஏர்க்காலில் அமர்ந்தவன் மகன் எண்ணெய் வண்டியின் மரப்பலகையில் அமர்ந்தான்.

வண்டிக்குப் பொருந்திய மனிதன்

அமெரிக்காவில் 1908-இல் வெளிவந்து 1927 வரை செய்யப்பட்ட ஃபோர்டு ‘மாடல் டி’ உலகின் பல பகுதிகளிலும் ஓடியது, மலாயாவிலும் ஓடியது. 1926-இல் ஃபோர்டு நிறுவனம் சிங்கப்பூரில் தன் மலாயாக் கிளையை அமைத்தது. அக்காரில் மூன்று மிதிகள் இருந்தன. ஆனால் அவை இக்கால ஒழுங்கில் அமைந்தவை அல்ல. இடப்பக்க மிதி வேகப்பல்லை மாற்றியது. நடுமிதி வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தியது. வலப்பக்க மிதி வண்டியை நிறுத்தியது. எண்ணெயைக் கூட்டவும் குறைக்கவும் ஸ்டீரிங்கின் கீழே ஒரு கைப்பிடி இருந்தது. கிளட்ச், பிரேக், எண்ணெய் மிதி என்னும் இக்கால வரிசை 1916-இல் கேடிலாக் காரிலும், 1922-இல் ஆஸ்டின் ஏழு என்னும் சிறுகாரிலும் அமைந்து, பின்னர் எங்கும் பரவியது. கால்கள் எங்கே ஊன்ற வேண்டும் என்பது முடிவான பிறகே இருக்கை எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பற்றிச் சிந்திக்க முடிந்தது.

அக்கால ஓட்டுநர் நிமிர்ந்து, ஸ்டீரிங்கை நெஞ்சோடு அணைத்தாற்போல் அமர்ந்ததைப் பழைய நிழற்படங்களில் காணலாம். அது அழகுக்காகக் கொண்ட தோற்றம் அன்று. விசை உதவியில்லாத வண்டியில் சக்கரத்தைத் திருப்ப உடல் வலிமை வேண்டும். ஸ்டீரிங் வட்டம் பெரிதாக இருந்தால் திருப்பும் உழைப்புக் குறையும். ஆகவே லோரிகளுக்குப் பெரிய வட்டத்தைக் கிட்டத்தட்டப் படுக்கையாகப் பொருத்தினர். ஓட்டுநர் அதன் மேல் கவிந்து, தோளையும் முதுகையும் சேர்த்து இழுத்துத் திருப்பினார். விசை உதவியுடன் கூடிய ஸ்டீரிங் 1951-இல்தான் அமெரிக்காவின் கிரைஸ்லர் கார்களில் விற்பனைக்கு வந்தது. அது தோட்டத்து லோரியை எட்டப் பல்லாண்டுகள் ஆயின.

அன்றைய மலிவான வண்டிகள் பலவற்றில் இருக்கை அசையாது. முன்னே தள்ளவோ பின்னே நகர்த்தவோ இயலாது. ஐரோப்பிய ஆடவரின் உயரத்தை எண்ணிச் செய்த இருக்கையில் குட்டையான ஓட்டுநர் ஒரு தலையணையை முதுகுக்குப் பின்னும், மடித்த சாக்கை இருக்கையின் மேலும் வைத்துத் தம்மைத் தாமே வண்டிக்குப் பொருத்திக்கொண்டார். வண்டி மனிதனுக்குப் பொருந்தவில்லை; மனிதனே வண்டிக்குப் பொருந்தினான்.

அமர்தலும் இறங்குதலும்

தோட்டத்து வாழ்வில் அமர்தல் என்பது உடலின் இளைப்பாறல் மட்டும் அன்று. அது அதிகாரத்தின் அடையாளமும் ஆகும். துரை அமர்ந்திருப்பார், கிராணியார் மேசை முன் அமர்ந்திருப்பார், தொழிலாளி பிரட்டுக் களத்தில் நிற்பான். காரிலும் இதே ஒழுங்கு தொடர்ந்தது. மெத்தென்ற பின்னிருக்கை துரைக்கு. வெயிலும் தூசியும் முதலில் தாக்கும் முன்னிருக்கை ஓட்டுநருக்கு.

இவ்வேற்றுமை சாலையிலும் வெளிப்பட்டது. 1941-இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற வேலைநிறுத்தம் மலாயாத் தமிழர் வரலாற்றில் புகழ்பெற்றது. கூலி உயர்வு, கல்வி, மருத்துவம், கள்ளுக்கடை ஒழிப்பு ஆகியவற்றோடு மற்றொரு கோரிக்கையும் அங்கே வைக்கப்பட்டது. துரைமாரும் தோட்ட அலுவலரும் எதிரே வரும்போது தொழிலாளர் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. தன் மிதிவண்டியின் இருக்கையில் அமர்ந்தபடியே செல்லும் உரிமைக்கும் தொழிலாளர் போராட வேண்டியிருந்தது. காசு செலவில்லாத இக்கோரிக்கையே மற்ற எல்லாக் கோரிக்கைகளின் உட்பொருளையும் உணர்த்துகிறது எனலாம்.

போருக்குப் பின் அந்த உணர்வு கெடாவிலும் வலுவாக வெளிப்பட்டது. 1946-47-ஆம் ஆண்டுகளில் ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை இயங்கியது. கள்ளுக்கடைகளுக்கு எதிராகவும் தொழிலாளரின் தன்மானத்துக்காகவும் அது குரலெழுப்பியது. 1947 மார்ச்சில் பீடோங்கில் போலீசாருடன் மோதல் ஏற்பட்டு உயிரிழப்பும் நேர்ந்தது. தலை நிமிர்ந்து அமர்வதற்கு முன்னர்த் தலை நிமிர்ந்து நிற்க வேண்டியிருந்தது.

லோரியின் பலகை

1941 டிசம்பரில் ஜித்ராவில் பிரிட்டிஷ் அணிகள் சிதறியபின் ஜப்பானியர் கெடாவைக் கைப்பற்றினர். சயாம்-பர்மா மரண இரயில் பாதைக்குத் தோட்டத் தமிழர் கூட்டங்கூட்டமாகக் கொண்டு செல்லப்பட்டனர். லோரியிலும் சரக்குப் பெட்டியிலும் நின்றபடி சென்றவருள் எண்ணற்றோர் திரும்பவில்லை. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் தோட்ட நிர்வாகிகளின் வண்டிகள் பலவற்றுக்கு இரும்புத் தகடு பொருத்தப்பட்டது. அவற்றுள் இருந்த வெப்பத்தை ஓட்டுநரும் சேர்ந்தே தாங்கினார்.

1950-களில் உழுவையும் லேண்ட் ரோவரும் தோட்டங்களில் பெருகின. முதற்கால உழுவைகளின் இருக்கை துளையிட்ட இரும்புத் தட்டு. அது வில்லொன்றின் மேல் பொருத்தப்பட்டிருந்தது. வெயிலில் அது சுட்டது; மழையில் நீர் வடிய அதன் துளைகள் உதவின. அவ்வளவே அதன் சிறப்பு. பால் லோரியின் இருக்கையோ பலகையின் மேல் தேங்காய்நார் திணித்த மெல்லிய மெத்தை. சில மாதங்களில் நார் அமுங்கிப் பலகையே மிஞ்சும்.

செம்மண் சாலையின் குழிகள் அப்பலகை வழியாக நேரே முதுகெலும்பைத் தாக்கின. அமர்ந்திருக்கும் மனிதவுடல் விநாடிக்கு 4 முதல் 8 முறை மேலும் கீழுமாக நேரும் அதிர்வையே மிகுதியாக உணர்கிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் கண்டன. 1974-இல் வெளிவந்த அனைத்துலகத் தர அளவை இதைக் கணக்கில் கொண்டது. கரடுமுரடான சாலையில் விரையும் கனவண்டி எழுப்பும் அதிர்வும் பெரும்பாலும் இவ்வெல்லையை ஒட்டியே அமைகிறது. மருத்துவர் அளவெடுக்கும் முன்னரே அதனைத் தம் இடுப்பால் அளந்தவர் தோட்டத்து ஓட்டுநர். லயத்துச் சிறுவர்கள் ‘டிரைவர் அண்ணன்’ என்று வியப்போடு அழைத்த அம்மனிதர், மாலையில் நல்லெண்ணெய் தடவி வெந்நீர் ஒற்றடம் இட்டுக்கொண்டார். அது தொழிலின் இயல்பு என்று எண்ணப்பட்டதே அன்றி, இருக்கையின் குறை என்று எண்ணப்படவில்லை.

அறிவியல் கண்ட உண்மை

உழைப்பவனுக்கு ஏற்பக் கருவியை அமைக்கும் அறிவுத்துறைக்குப் போலந்து நாட்டு அறிஞர் ஜஸ்ட்ரெம்போவ்ஸ்கி 1857-இலேயே ‘எர்கோனாமிக்ஸ்’ என்னும் பெயரைத் தந்தார். எனினும் இரண்டாம் உலகப்போருக்குப் பின்னரே அத்துறை வலுப்பெற்றது. 1949-இல் பிரிட்டனில் அதற்கென ஒரு கழகம் தோன்றியது. சுவீடனின் ஓகர்புளோம் 1948-இல் நிற்றலையும் அமர்தலையும் பற்றிய ஆய்வை வெளியிட்டு, முதுகின் கீழ்ப்பகுதிக்குத் தாங்கல் வேண்டும் என்பதை வற்புறுத்தினார். அமெரிக்க மருத்துவர் கீகன் 1953-இல் ஊடுகதிர்ப் படங்களின் துணைகொண்டு, நிமிர்ந்து அமரும்போது இடுப்பெலும்பின் இயற்கை வளைவு தட்டையாகிவிடுவதைக் காட்டினார்.

அதே 1953-இல் லண்டனில் மற்றோர் உண்மை வெளிப்பட்டது. ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநரையும் நடத்துநரையும் ஒப்பிட்டனர். நாள் முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநரைவிட, மாடிப்படி ஏறியிறங்கிய நடத்துநருக்கு இதயநோய் குறைவாக இருந்தது. ஒரே பேருந்து, ஒரே பாதை, ஒரே வேலைநேரம். வேறுபட்டது இருக்கையே.

1960-களில் சுவீடனின் நாகெம்சன் முதுகெலும்பின் இடைத்தட்டுகளில் உள்ள அழுத்தத்தை நேரே அளந்து, சாய்மானமின்றி அமரும்போது அது நிற்கும்போது உள்ளதைவிட மிகுதி என்றார். பிற்கால அளவீடுகள் சில அவ்வேறுபாடு அத்துணைப் பெரிதன்று எனக் கண்டன. ஆயினும் முதுகைச் சற்றே சாய்ப்பதும் இடுப்புக்குத் தாங்கல் கொடுப்பதும் அழுத்தத்தைக் குறைக்கும் என்பதை ஆண்டர்சன் குழுவினர் 1974-இல் கார் இருக்கையைக் கொண்டே காட்டினர். 1975-இல் அமெரிக்காவில் கெல்சியும் ஹார்டியும் வெளியிட்ட ஆய்வின்படி, வேலைநேரத்தில் பாதிக்கு மேல் வண்டியோட்டுபவருக்கு இடைத்தட்டு பிதுங்கும் வாய்ப்பு மற்றவரைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. தோட்டத்து ஓட்டுநரின் ஒற்றடம் விதியின் விளைவன்று. அமைப்பின் விளைவு என்பது இவ்வாறு அறிவியலால் உறுதியாயிற்று.

சொந்த வண்டி வந்த காலம்

விடுதலைக்குப் பின் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிலைகுலைந்தன. அதற்கு மாற்றாக 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அச்சங்கம் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் என்பது கெடாத் தமிழர் பெருமையுடன் நினைக்கத்தக்க செய்தியாகும். எனினும் எல்லாத் தோட்டங்களும் காப்பாற்றப்படவில்லை. லயத்தை விட்டு வெளியேறியவருக்கு நிலம் இல்லை, பத்திரம் இல்லை, ஆனால் ஓட்டுநர் உரிமம் வைத்திருந்தவருக்கு எங்குச் சென்றாலும் ஒரு தொழில் இருந்தது. வாடகைக்கார், பேருந்து, பள்ளி வேன், மணல் லோரி, செம்பனைக் குலை லோரி, பின்னர்த் தொழிற்சாலைப் பேருந்து என்று அத்தொழில் விரிந்தது. பால் வெட்டியவர் மகனுக்கு அந்த இருக்கையே நிலமாயிற்று.

அதே காலத்தில் ஆசிரியரும் கிராணியாரும் கடைக்காரரும் சொந்தமாகச் சிறுகார் வாங்கத் தொடங்கினர். 1948-இல் வெளிவந்த மாரிஸ் மைனரும் 1959-இல் வெளிவந்த மினியும் இங்கும் நன்கறியப்பட்டவை. இரண்டையும் வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், ஓட்டுநர் மிகச் சொகுசாக அமர்ந்தால் விழிப்புக் குன்றும் என்னும் கருத்துடையவர் என்று சொல்லப்படுவதுண்டு. மினியின் நிமிர்ந்த இருக்கையும் பேருந்தில் உள்ளதுபோல் படுத்திருந்த ஸ்டீரிங்கும் அக்கருத்துக்குச் சான்றாகக் காட்டப்படும். வசதி வேறு, சோம்பல் வேறு என்பதை அவர் காலம் இன்னும் முழுமையாக உணரவில்லை.

1959-இல் வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நீல்ஸ் போலின் மூன்றிடத்தில் பிணைக்கும் இருக்கை வாரை உருவாக்கினார். மலேசியாவின் முதல் கார்ப் பொருத்தும் ஆலை 1967-இல் ஷா ஆலாமில் வால்வோ கார்களுக்கே அமைந்தது. மலேசியாவில் முன்னிருக்கையில் வார் அணிவது 1979-இல் கட்டாயமாயிற்று. பின்னிருக்கைக்கு 2009 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வார் வந்தபோது அது தொல்லை என்று முணுமுணுத்தோர் பலர். உடலுக்குப் பொருந்த அமராதவருக்கு வார் தொல்லையாகவே இருக்கும், கழுத்தை அறுக்கும், வயிற்றை இறுக்கும். இருக்கை சரியானால் வார் தானே சரியாகும்.

1985-இல் புரோட்டோன் சாகா வெளிவந்தது. 1994-இல் பெரோடுவா கஞ்சில் வந்தது. அதே 1994-இல் புக்கிட் காயு ஈத்தாமிலிருந்து ஜோகூர் பாரு வரை 772 கிலோமீட்டர் நீளமுள்ள வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை நிறைவுற்றது. நாட்டின் நெடுஞ்சாலை கெடாவில் தொடங்கியது எனலாம். முன்பு பீடோங்கிலிருந்து தலைநகருக்குச் செல்வோர் ஊர்தோறும் நின்று, தேநீர் அருந்தி, கால் நீட்டிச் சென்றனர். நெடுஞ்சாலையிலோ நான்கு மணி நேரத்துக்கும் மேலாக ஒரே நிலையில் அமர்ந்திருக்க முடியும். சாலையின் குழி மறைந்தது; அசைவின்மை என்னும் புதிய பகை தோன்றியது.

விலை குறைந்த சிறுகார் பெண்களையும் ஓட்டுநர் இருக்கைக்குக் கொண்டுவந்தது. தமிழ்ப்பள்ளி ஆசிரியைகளும் தாதியரும் தொழிற்சாலைப் பெண்டிரும் தாமே ஓட்டிச் செல்லலாயினர். தலைமேல் வாளி சுமந்து நிரை நிரையாக நடந்த பாட்டியின் பேத்தி ஸ்டீரிங்கின் முன் அமர்ந்தது சிறு மாற்றம் அன்று. ஆயினும் உலகெங்கும் கார்கள் நெடுங்காலம் நடுத்தர உயரமுள்ள ஆணின் உடலளவையே அடிப்படையாகக் கொண்டு வடிவமைக்கப்பட்டும் சோதிக்கப்பட்டும் வந்தன. 2011-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, வார் அணிந்த பெண் ஓட்டுநர் விபத்தில் கடுமையாகக் காயமுறும் வாய்ப்பு, வார் அணிந்த ஆண் ஓட்டுநரினும் 47 விழுக்காடு மிகுதி எனக் கண்டது. துரையின் உடலளவுக்குச் செய்த இருக்கையில் சாக்கை மடித்து வைத்த ஓட்டுநரின் இக்கட்டு வேறு வடிவில் தொடர்கிறது.

முறையாக அமரும் முறை

இன்று கெடாவிலேயே கார்கள் பொருத்தப்படுகின்றன. கூலிம் வட்டாரத்துப் பாடாங் மெஹாவில் இனோகோம் ஆலையும், குருணில் மோடனாஸ் மோட்டார் சைக்கிள் ஆலையும் எழுந்தன. கித்தா மரங்கள் நின்ற வட்டாரத்தில் கார் இருக்கைகள் பொருத்தப்படுகின்றன. அந்த இருக்கைகளை முன்னும் பின்னும் நகர்த்தலாம், சாய்க்கலாம், பலவற்றில் உயர்த்தவும் தாழ்த்தவும் செய்யலாம். ஆனால் கார் வாங்கிய நாளில் விற்பனையாளர் வைத்த நிலையிலேயே பல்லாண்டு ஓட்டுவோர் பலர் உளர். முன்னோர்க்கு நகர்த்த வழியில்லை. இன்று வழியிருந்தும் நகர்த்துவாரில்லை.

முறையாக அமர்வதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் இடுப்பை இருக்கையின் பின்மூலை வரை தள்ளி அமர வேண்டும். முதுகுக்கும் சாய்மானத்துக்கும் இடையே வெற்றிடம் கூடாது. அடுத்து, இருக்கையின் உயரம். சாலை தெளிவாகத் தெரிய வேண்டும். தலைக்கும் கூரைக்கும் இடையே கையளவு இடம் வேண்டும். மூன்றாவதாக, தூரம். கிளட்ச் உள்ள வண்டியில் இடக்காலால் அதை முழுதும் மிதிக்க வேண்டும். அது இல்லாத வண்டியில் வலக்காலால் பிரேக்கை அழுத்திப் பார்க்க வேண்டும். அவ்வாறு மிதித்த நிலையிலும் முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். நேராக நீண்ட கால் விரைந்து அழுத்தும் வலிமையை இழக்கும். மோதலின்போது அதிர்ச்சியை இடுப்புக்கு அப்படியே கடத்தும். முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கை விளிம்புக்கும் இடையே இரு விரல் நுழையும் இடம் இருப்பின் இரத்த ஓட்டம் தடைப்படாது.

நான்காவது, சாய்மானம். செங்குத்தாகவும் வேண்டா; நாற்காலியில் படுத்தாற்போலவும் வேண்டா. நூறு பாகையிலிருந்து நூற்றுப்பத்துப் பாகை வரை சாய்வது பெரும்பாலோர்க்கு ஏற்றது. தோள்கள் சாய்மானத்தை விட்டு அகலாமல் கைகளை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீரிங்கின் மேல்விளிம்பில் படிய வேண்டும். அப்போது ஸ்டீரிங்கைப் பிடித்தால் முழங்கை இயல்பாக மடங்கும். காற்றுப்பை உள்ள வண்டியில் நெஞ்சுக்கும் ஸ்டீரிங்குக்கும் இடையே குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். ஐந்தாவது, தலைத்தாங்கி. அதன் மேல்விளிம்பு உச்சந்தலையின் அளவுக்கு உயர்ந்து, தலையை ஒட்டியே இருக்க வேண்டும். அது தலையணை அன்று; பின்னிருந்து மோதும்போது கழுத்தைக் காக்கும் அரண்.

இவை முடிந்த பின்னரே கண்ணாடிகளைச் சரிசெய்ய வேண்டும். அதன்பின் வாரை அணிய வேண்டும். வாரின் கீழ்ப்பகுதி வயிற்றின் மேல் அன்றி இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும்; மேற்பகுதி கழுத்தை உரசாமல் தோளின் நடுவே செல்ல வேண்டும். கண்ணாடியை முதலில் திருப்பிவிட்டு அதற்கேற்ப உடலை வளைப்பது காலணிக்கு ஏற்பக் காலை வெட்டுவதற்கு ஒப்பாகும். இத்தனைக்கும் மேலாக ஒன்று நினைவிலிருத்தத்தக்கது. எவ்வளவு சிறந்த நிலையும் நெடுநேரம் நீடித்தால் தீங்காகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் இறங்கி நடப்பது நலம். லண்டன் நடத்துநரின் மாடிப்படி உணர்த்திய பாடம் அதுவே.

நிறைவு

வசதியாக அமர்வது செல்வரின் சொகுசு என்னும் எண்ணம் தோட்டம் தந்த பழைய எண்ணங்களுள் ஒன்று. வலியைப் பொறுத்துக்கொள்வதே உழைப்பாளியின் பெருமை என்று ஒரு தலைமுறை நம்பியது, நம்ப வைக்கப்பட்டது. அந்தத் தலைமுறையின் பொறுமையை மதிக்க வேண்டும். ஆனால் அவர்கள் பொறுத்துக்கொண்ட குறைகளைப் போற்றிப் பாதுகாக்க வேண்டியதில்லை. இன்றும் லோரியிலும் பேருந்திலும் நாளொன்றுக்குப் பல மணி நேரம் அமர்ந்திருப்போர் பலருக்கு இருக்கையின் தரத்தை முடிவு செய்யும் உரிமை இல்லை. அவ்வண்டிகளின் உரிமையாளர்க்கு நல்ல இருக்கை ஒரு செலவுக் கணக்கு. ஓட்டுநருக்கோ அது முதுகெலும்பின் ஆயுட்கணக்கு. வண்டிக்குக் காலமுறைப்படி செய்யும் சோதனையில் டயரையும் பிரேக்கையும் பார்ப்பது போல இருக்கையையும் பார்த்தல் வேண்டும்.

தமிழாசிரியர்க்கும் இதில் ஒரு பணி உண்டு. சாய்மானம், தலைத்தாங்கி, இடுப்புத்தாங்கல், இருக்கை வார் ஆகிய சொற்கள் தமிழில் இயல்பாக அமைந்துள்ளன. அவற்றைப் பாடத்திலும் கட்டுரையிலும் வழங்கினால், நாளை உரிமம் எடுக்கப்போகும் மாணவர் தம் உடலைப் பற்றித் தம் மொழியிலேயே சிந்திப்பர். வலவனைப் பாடிய மொழிக்கு வலவனின் முதுகைப் பற்றிப் பேசுவதும் இயலும். மிதிவண்டியிலிருந்து இறங்க மறுத்தவர்கள் பெற்றுத்தந்த இருக்கையில், அவர்தம் பேரப்பிள்ளைகள் நிமிர்ந்தும் நோவின்றியும் அமரக் கற்றல் வேண்டும்.